ஜட்ஜம்மா போட்ட முட்டை

அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு ஒரு நீதிபதி இருந்தாள். வயது பத்து. வீட்டில் எல்லோரும் அவளை ஜட்ஜம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

தட்டில் எதை வைத்தாலும் முதலில் ஒரு வாய் எடுத்துக்கொள்வாள். கண்ணை மூடி மெல்லுவாள். பிறகு பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டாள். நீதிபதிகள் வளவளவென்று பேசலாமா?

சமைப்பது அப்பா. வீட்டுக்குக் கீழே, தெருவைப் பார்த்த அறையில் அவருடைய சைக்கிள் கடை இருந்தது. பகல் முழுவதும் பஞ்சர் ஒட்டுவார், செயின் மாட்டுவார், பிரேக் சரிபார்ப்பார். மாலையில் ஷட்டரை இறக்கிவிட்டு, கையிலிருக்கும் கிரீஸைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு மேலே வருவார். அடுப்படிக்குள் நுழைந்ததும் அவர் முகமே மலர்ந்துவிடும். தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் அம்மா அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார். "எனக்கு முத்திரை குத்தத்தான் தெரியும்" என்பார்.

ஒரு தம்பியும் உண்டு. நான்கு வயது. சோறு, பால், முட்டையின் வெள்ளைக்கரு, ரொட்டியின் நடுப்பகுதி, இவ்வளவுதான் அவன் உணவு. வேறு எந்த நிறம் தட்டில் தெரிந்தாலும் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வான். அதனால் அவன் பெயர் வெள்ளையப்பன்.

"ஜட்ஜம்மா, இன்னைக்கு எவ்வளவு?" என்று அப்பா கைகட்டி நிற்பார்.

"எட்டு."

"மீதி ரெண்டு மார்க் எங்கம்மா போச்சு?"

"தீர்ப்பு சொல்லியாச்சு. மேல்முறையீடு கிடையாது."

அம்மா சிரிப்பார். மேசைக்கு அடியிலிருந்து வெள்ளையப்பனும் எதற்கென்று தெரியாமலே சிரிப்பான்.

மழைக்காலத்தில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் போர்வையை விட்டு எழுந்திருக்கவில்லை. பிறகு எழுந்தார், கடையைத் திறந்தார், சமைக்கவும் ஆரம்பித்தார். ஆனால் சாப்பாடு பழைய மாதிரி இல்லை. ஒருநாள் உப்புச்சப்பில்லாமல் இருக்கும். மறுநாள் உப்பை அள்ளிக் கொட்டியது போல இருக்கும். ஜட்ஜம்மாவின் மார்க் ஆறுக்கு இறங்கியது. பிறகு நான்கு. பிறகு மூன்று. காய்ச்சலில் விழுந்து எழுந்தவரைக் குறை சொல்ல மனமில்லாமல் அம்மா தண்ணீரைக் குடித்துச் சமாளித்தார்.

அவள் முதல் வாய் எடுக்கும்போதெல்லாம் அப்பா அவள் முகத்தையே உற்றுப் பார்க்கத் தொடங்கினார். தன் தீர்ப்புக்கு அவர் பயப்படுகிறார் என்று நினைத்து ஜட்ஜம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா சாப்பிட வந்தார். அப்பா காலையிலிருந்தே அடுப்படியில் நின்று சூப்பும் உருளைக்கிழங்கும் செய்திருந்தார். ஜட்ஜம்மா ஒரு கரண்டி சூப்பை வாயில் விட்டாள். ஒரே உப்பு. பூண்டு கருகிய கசப்பு வேறு. மாமா தன்னையே பார்ப்பதைக் கவனித்தாள். விடுவாளா? நாற்காலி மேல் ஏறி நின்றாள். இரண்டு கையையும் சேர்த்துப் பெரிய வட்டமாகக் காட்டினாள்.

"முட்டை!"

மாமாவுக்குக் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரையேறியது. "என்ன மச்சான், ஃபெயிலாயிட்டீங்களா!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பாவும்தான் சிரித்தார். சிரித்துக்கொண்டே சூப்புப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். வெகுநேரம் திரும்பி வரவில்லை. ஜட்ஜம்மா அதைக் கவனிக்கவில்லை. மாமாவுக்காக இன்னொரு முறை வட்டம் காட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மாலை அடுப்படியில் சத்தமே இல்லை. மேசைமேல் கடை ரொட்டியும் ஒரு ஜாம் பாட்டிலும் இருந்தன.

"கடையில வேலை ஜாஸ்தி கண்ணு" என்றார் அப்பா.

அதற்கு அடுத்த நாளும் ரொட்டிதான். அதற்குப் பிறகும் அதேதான். வெள்ளையப்பனுக்கு மட்டும் கொண்டாட்டம். ரொட்டியின் நடுவை மட்டும் தோண்டித் தின்றுவிட்டு ஓரத்தைப் படச்சட்டம் மாதிரி முகத்தில் மாட்டிக்கொண்டு வீடெல்லாம் சுற்றினான். அம்மா நின்றுகொண்டே சாப்பிட்டார். அப்பா கீழே கடையிலேயே சாப்பிட்டார். யாரும் யாரையும் சாப்பிடக் கூப்பிடவில்லை. மேசைமேல் துவைத்த துணியும் பழைய செய்தித்தாளும் சேர்ந்தன.

ஜட்ஜம்மா ஒருத்தி மட்டும் அந்த மேசையில் உட்கார்ந்து ஜாம் தடவினாள். பாதி ரொட்டியைத் தட்டிலேயே வைத்தாள். ஏன் அப்பா சமைக்கவில்லை என்று அவள் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் வரப்போகும் பதில் அவளுக்கே தெரியுமே. அந்த வட்டத்தைக் காட்டிய கைகளை மேசைக்கு அடியில் ஒளித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கடைசியில் ஒருநாள் கடைக்கே இறங்கிப் போனாள். அப்பா ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கோணல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அந்த முட்டையை நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

"சும்மா விளையாட்டுக்குத்தானே சொன்னே? எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல கண்ணு."

இதைச் சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை. சக்கரத்தைத்தான் பார்த்தார். வருத்தம் என்று சொல்லித் திட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

சில நாட்கள் கழித்து, பள்ளி விட்டு வந்து படியேறும்போதே ஜட்ஜம்மாவின் மூக்கில் நெடி அடித்தது. புத்தகப்பையோடு அடுப்படிக்கு ஓடினாள். அடுப்பில் வெள்ளையப்பனுக்கான பால் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், அப்பா உட்கார்ந்து ஒரு சைக்கிள் மணிக்குத் திருகாணி மாட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா! பால் அடிப்பிடிக்குது!"

அப்பா நிமிர்ந்து பாத்திரத்தைப் பார்த்தார். "இன்னும் பொங்கலையே?"

"படி வரைக்கும் நெடி அடிக்குதே! உங்களுக்குத் தெரியலையா?"

அப்பா அவசரமாக அடுப்பை அணைத்தார். கையும் களவுமாக மாட்டிக்கொண்டவரைப் போல நின்றார்.

ஜட்ஜம்மா அவர் மூக்கையே பார்த்தாள். "கொஞ்சம் கண்ணை மூடுங்கப்பா" என்றாள். வெங்காயத்தை நறுக்கி அவர் மூக்கருகே நீட்டினாள்.

"வெங்காயம்!" என்றார் அப்பா உடனே.

அப்பாடா என்று மூச்சு விட்டாள். பிறகுதான் அவர் கன்னத்தில் கண்ணீர் இறங்குவதைப் பார்த்தாள். கண் எரிந்ததை வைத்துச் சொல்லிவிட்டார். கள்ளாட்டம். அடுத்து வேறொன்றை நீட்டினாள். அப்பா நன்றாக இழுத்து மோந்து பார்த்தார். இன்னொரு முறையும் மோந்து பார்த்தார்.

"ம்... காப்பித்தூள்?"

அவள் கையில் இருந்தது குளிக்கிற சோப்பு.

அப்பா கண்ணைத் திறந்து அதைப் பார்த்தார். சிரிக்க முயன்றார். "காய்ச்சல்லேர்ந்தே இப்படித்தான் கண்ணு. மூக்கு லீவு போட்டுட்டுப் போயிருச்சு. திரும்பி வரவே இல்ல. நாக்கும் அதோட சேர்ந்து போயிருச்சு. எதைத் தின்னாலும் காகிதம் மாதிரி இருக்கு."

"ஏம்ப்பா எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா, நீங்க சமைக்க வேணாம்னு சொல்லிடுவீங்களே. நாள் பூரா கிரீஸ்ல கிடந்துட்டு வர்றவனுக்கு அது ஒண்ணுதானே சந்தோஷம்?" அப்பா மணியைத் துணியால் துடைத்தார். "அதான் உன் மார்க்கை வெச்சே சமாளிச்சேன். நீ ஆறு போட்டா, சரி, பக்கத்துல வந்துட்டோம்னு நினைச்சுக்குவேன். மூணு போட்டா, எங்கயோ தப்புன்னு தெரியும். ஆனா எது தப்புன்னு தெரியாதே. உப்பான்னு நினைச்சுக் குறைப்பேன். புளிப்பான்னு கூட்டுவேன். அன்னைக்கு முட்டை போட்டியே, என்ன கெட்டுப்போச்சுன்னு ராத்திரி வரைக்கும் யோசிச்சேன். புரியவே இல்ல. அப்புறம் எதுக்குன்னு விட்டுட்டேன்."

உப்பு ஜாஸ்தி, பூண்டு கருகிடுச்சு. இவ்வளவுதான் அவள் சொல்லியிருக்க வேண்டியது. அப்பா அதற்காகத்தான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவளோ நாற்காலி மேல் ஏறி நின்று வட்டம் காட்டியிருக்கிறாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதாள்.

"ஏய், வெங்காயம் அந்தப் பக்கம் இருக்கு. நீ ஏன் அழறே?" என்று அப்பா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

அன்றே அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. அம்மா திட்டித் தீர்த்துவிட்டு, மறுநாளே அப்பாவை மருத்துவரிடம் கூட்டிப்போனார். மெல்ல மெல்லத் திரும்பி வரலாம், எப்போது என்று சொல்ல முடியாது, வராமலும் போகலாம் என்றார் மருத்துவர்.

ஆண்டு விடுமுறை வந்தது. ஒவ்வோர் ஆண்டும் விடுமுறையின் முதல் நாள் அப்பா ஒரு கேக் செய்வார். சர்க்கரையைப் பழுப்பாகக் காய்ச்சி, வெண்ணெய் சேர்த்து, மாவில் ஊற்றிச் செய்வது. சர்க்கரையைச் சரியான நொடியில் இறக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. அப்பா அதை வாசனை பார்த்தே இறக்குவார்.

"இந்த வருஷம் கேக் வேணாம் கண்ணு" என்றார் அப்பா.

"வேணும்" என்றாள் ஜட்ஜம்மா. "நீங்க கிளறுங்க. நான் மோந்து பார்க்கறேன்."

அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அதன்மேல் ஏறினாள். சர்க்கரை உருக ஆரம்பித்தது.

"எப்படி வாசம் வருது?"

"நல்லா வருது."

"நல்லான்னா? எனக்கு எப்படித் தெரியும்?"

ஜட்ஜம்மா விழித்தாள். அவளுக்கு எண்கள்தான் சட்டென்று வரும். சரியான வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே சர்க்கரை கருத்துவிட்டது. "ஐயோ, போச்சு!"

"போனா போகட்டும். பாத்திரத்தை மட்டும் நீ தேய்க்கணும்" என்றார் அப்பா.

மறுபடி சர்க்கரை போட்டார்கள். இந்த முறை அவள் வாயை மூடவே இல்லை. "இப்ப ஒண்ணும் இல்ல... இப்ப பால் சுண்டின மாதிரி... இப்ப கடலை வறுக்கற மாதிரி... இப்ப தொண்டையில லேசா குத்துதுப்பா!"

"இறக்கிட்டேன்!"

மாலையில் மேசையைத் துடைத்து, துணிகளை எடுத்துவிட்டு, நால்வரும் உட்கார்ந்தார்கள். அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் இரண்டாவது துண்டை எடுத்தார். வெள்ளையப்பன் மேலே தூவிய சர்க்கரையை மட்டும் நக்கிவிட்டுத் தட்டைத் தள்ளினான்.

அப்பாவும் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டார். அந்த வீட்டிலேயே இந்தக் கேக் மேல் அதிக ஆசை உள்ளவர் அவர்தான். இப்போது மற்றவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வெறுமனே மென்றார். ஜட்ஜம்மா அவரையே பார்த்தாள். பத்து மார்க் போடலாம். ஆனால் அந்தப் பத்தை வைத்துக்கொண்டு அப்பா என்ன செய்வார்?

நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்பா, முதல்ல லேசா ஒரு கசப்பு வருது. ஆனா உடனே போயிடுது. அப்புறம் வெண்ணெய் வருது. நாக்குல வழுக்கிக்கிட்டு வருது."

அப்பா மெல்லுவதை நிறுத்தினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். "ம்."

"உள்ளே ஈரமா, மெத்து மெத்துன்னு இருக்கு. அப்புறம்தான் இனிப்பு வருது, அதுவும் திகட்டல. ஓரம் மொறுமொறுன்னு இருக்கு. கொஞ்சம் அதிகமா வெந்திருச்சு. அந்த இடத்துல மட்டும் ரொட்டி சுட்ட வாசம் வருது, அப்புறம்..."

"மெதுவா சொல்லு கண்ணு" என்றார் அப்பா. "இன்னும் வாயிலதான் இருக்கு."

அவள் மெதுவாகச் சொன்னாள்.