பையை விட்டு இறங்காத சார்ஜர்

"அண்ணி, இது சாதாரண ரிப்பேர் இல்ல. குற்றம்!" என்று கொழுந்தன் மூச்சிரைக்க உள்ளே வந்தான்.

லாப்டாப் பழுது பார்க்கும் அந்தக் கடையின் உரிமையாளரை எல்லோரும் 'நிதானம்' என்பார்கள். அவளுக்கு உதவும் கொழுந்தனை 'அவசரம்' என்பார்கள். அவசரத்தின் பின்னால் வந்த நெட்டையன் தன் கேமிங் லாப்டாப்பை மேசையில் வைத்தான்.

"விளையாட ஆரம்பிச்சு பத்தே நிமிஷம். இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிச்சு அணைஞ்சுடுது. நாளைக்கு கேமிங் டீம் செலக்‌ஷன். ஒரே இடம். எனக்கும் என் ரூம்மேட்டுக்கும்தான் போட்டி. 'கண்ணாடி'ன்னு கூப்பிடுவோம். அவன்தான் ஏதோ பண்ணிட்டான். நீங்க அப்படின்னு எழுதிக் குடுத்தா கேப்டன் அவனைத் தூக்கிடுவார்."

நிதானம் அடிமூடியைக் கழற்றினாள். தூசி இல்லை. ஃபேன் நன்றாகவே சுழன்றது; ஆனால் பாதி வேகத்துக்கு மேல் ஏற மறுத்தது. உறுப்புகளை இயக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரின் பதிவைத் திறந்தாள்.

"செவ்வாய்க்கிழமை மதியம் ஒண்ணு பத்துக்கு அப்டேட் ஆகியிருக்கு. சத்தம் குறையணும்னு ஃபேன் வேகத்துக்கு வரம்பு வச்சிருக்காங்க."

"பாத்தீங்களா! அப்ப நான் ஆபீஸ்ல. லாப்டாப் ரூம்ல இருந்துச்சு. அவனுக்கு அன்னிக்கு லீவு."

"கேஸ் முடிஞ்சுது அண்ணி," என்றான் அவசரம்.

"சார்ஜர் குடுங்க," என்றாள் நிதானம்.

நெட்டையன் பையிலிருந்து செங்கல் போன்ற சார்ஜரை எடுத்தான்.

"இவ்வளவு கனத்தைத் தினமும் சுமக்கறீங்களா?"

"ரூம்ல வச்சா அவன் கை வைப்பான். நான் கீபோர்டு வாங்கினா அவனும் அதையே வாங்குவான். வாங்கின நாள்லேர்ந்து இது என் பையை விட்டு இறங்கினதே இல்ல. ஆபீஸுக்கும் என்னோடதான் வரும்."

நிதானம் தலையாட்டினாள். சாயங்காலம் கேப்டனையும் கண்ணாடியையும் வரச் சொன்னாள். கண்ணாடி தன் லாப்டாப்போடும் சார்ஜரோடும் வந்தான்.

அவள் சார்ஜர் இல்லாமல் அதே அப்டேட்டை மறுபடி ஓட்டினாள். 'சார்ஜரை இணைக்கவும்' என்று காட்டித் திரை நின்றுவிட்டது.

"நடுவுல கரண்ட் போனா மெஷினே போயிடும். அதனால சார்ஜர் இல்லாம இது நகராது. இப்ப கண்ணாடியோட சார்ஜரைச் செருகிப் பாரு."

அவசரம் செருகினான். முனை நுழையவில்லை. "கொஞ்சம் அமுக்கினா போயிடும் அண்ணி."

"அமுக்கினா உன் விரல்தான் போகும்."

"இதே மாதிரி ஒண்ணு புதுசா வாங்கியிருந்தா?" என்றார் கேப்டன்.

"ஆர்டர் போட்டா ரெண்டு வாரம் ஆகும். அப்டேட் வெளிவந்ததே திங்கட்கிழமை." நிதானம் நெட்டையனைப் பார்த்தாள். "அப்ப செவ்வாய் மதியம் லாப்டாப்பும் சார்ஜரும் ஒரே இடத்துலதான் இருந்திருக்கு. சார்ஜர் எங்க இருந்துச்சுன்னு நீங்களே சொல்லிட்டீங்க."

நெட்டையனின் காது மடல்கள் சிவந்தன.

"திங்கட்கிழமை அவன் தன் லாப்டாப்ல இந்த அப்டேட்டைப் போட்டான். மெஷின் சத்தமே இல்லாம ஓடுச்சு. எனக்கு வயிறு எரிஞ்சுது. அவனைப் பார்த்துப் போட்டேன்னு தெரியக் கூடாதுன்னு ஆபீஸுக்குத் தூக்கிட்டுப் போய்ப் போட்டேன். சூடாக ஆரம்பிச்சதும்... பழியை அவன் மேல போட்டா இடம் எனக்குன்னு தோணுச்சு."

"ரெண்டும் ஒரே கம்பெனிதான். ஆனா அவரோடது சின்ன கிராஃபிக்ஸ் சிப். பாதி வேகம் போதும். உங்களோடது பெருசு, அதுக்குப் பத்தாது," என்றாள் நிதானம்.

கண்ணாடி மெல்லச் சொன்னான்: "ஒரு வார்த்தை கேட்டிருந்தா, உன் மெஷினுக்கு வேண்டாம்னு சொல்லியிருப்பேனேடா. கீபோர்டுகூட நான்தான் முதல்ல வாங்கினேன்."

"நாளைக்கு நீ வர வேணாம்," என்றார் கேப்டன் நெட்டையனிடம்.

"வரட்டும் சார்," என்றான் கண்ணாடி. "அவன் இல்லாம கிடைக்கிற இடம் எனக்கு வேணாம்."

கேப்டன் அரைமனதாகச் சம்மதித்தார். நிதானம் பழைய ஃபர்ம்வேரை ஏற்றினாள். ஃபேன் கடையே அதிர இரைந்தது.

நெட்டையன் சார்ஜரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு அவசரத்தின் பக்கம் குனிந்தான்.

"பெருந்தன்மையிலயும் முந்திக்கிட்டான் பாருங்க," என்றான்.