ஆறாம் நம்பர் சும்மா இருப்பதில்லை

ஈஜோக் சந்திப்பில் பஸ் இறக்கிவிட்டுப் போனதும் நாகமணி சேலைத் தலைப்பை வயிற்றின் மேல் இழுத்துச் செருகிக்கொண்டாள். எண்ணெய் எடுக்கும் செம்பனைகளுக்கு நடுவே போகும் செம்மண் பாதையின் கடைசியில் பழைய துரை பங்களா இருந்தது. இப்போது அது கம்ப்யூட்டர் ஆபீஸ். சுற்றுவட்டாரத் தோட்டங்களின் பழக்குலை எடைச் சீட்டுகள் மூட்டை மூட்டையாக லோரியில் வரும். பெண்கள் உட்கார்ந்து அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். இயந்திரங்களுக்குக் குளிர் வேண்டுமென்று சன்னல்களையெல்லாம் ஆணியடித்து மூடியிருந்தார்கள். உள்ளே ஊறிய மரத்தின் வாடை அடித்தது.

எண்பத்தாறாம் வருடம் அது. ஈயச் சுரங்கத்தை மூடிவிட்டதால் அவள் புருஷன் உடையப்பன் வீட்டோடு இருந்தான். இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்த பிறகு, மூன்றாவது இப்போதுதான் ஐந்து மாதம்வரை நிலைத்திருந்தது. இந்த ஆபீஸில் கர்ப்பிணிகளுக்கு வேலை கிடையாது. வேலை இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. அடுப்பு எரியாவிட்டால் இந்தப் பிள்ளையும் தங்காது. அதனால் வாயைத் திறக்காமல் வந்து சேர்ந்தாள். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தானே வேண்டும்.

மேலாளர் சிவானந்தம் முதல் நாளே சட்டத்தைச் சொல்லிவிட்டார். அவருடைய அறையில் ஒரு திரை இருந்தது. அதில் ஒவ்வோர் இருக்கைக்கும் ஒரு நம்பர். விசைகளைத் தட்டிக்கொண்டிருக்கும்வரை நம்பர் பேசாமல் நிற்கும். கை கொஞ்சம் ஓய்ந்தால் மின்னும், மணி அடிக்கும், அவர் எழுந்து தேடி வருவார். மணி அடிக்கடி அடித்தால் மறுநாள் வரவேண்டாம். பெண்கள் அந்தத் திரைக்குக் கங்காணி என்று பெயர் வைத்திருந்தார்கள். தோட்டத்துக் கங்காணியாவது வெற்றிலை துப்பத் திரும்புவான். இதற்குக் கண் இமைக்கவே தெரியாது. ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்க முடியுமா? அதை இந்தக் கங்காணிக்கு யார் சொல்வது?

பெண்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. தோட்டத்தில் ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போனால், அவள் பங்குக்கு விட்ட மர வரிசையை, அந்த நிரையை, பக்கத்து நிரைக்காரி சேர்த்துப் பார்ப்பாள். இங்கேயும் அதே வழக்கம்தான். இருக்கைகளுக்கு நடுவே ஆளுயரப் பலகைத் தடுப்பு. அதில் மேசை மட்டத்தில் கை நுழையும் இடைவெளி. ஒருத்தி எழுந்து போனால் பக்கத்துக்காரி கையை நீட்டி அவள் விசைகளையும் தட்டுவாள். ஆனால் நாகமணிக்குக் கிடைத்த ஆறாம் இருக்கைக்கு மட்டும் யாரும் கை நீட்டவில்லை. எட்டிப் பார்க்கவும் மாட்டார்கள். பக்கத்து லீலாவதியிடம் கெஞ்சியும் பலனில்லை.

ஒரு காலையில் குமட்டல் தாங்காமல் பின்கட்டுக் கழிவறைக்கு ஓடினாள். வேலை போயிற்று என்று அழுதுகொண்டேதான் திரும்பினாள். மணி அடிக்கவில்லை. பாதியில் விட்ட சீட்டுகள் ஏற்றி முடிக்கப்பட்டு அடுக்காக இருந்தன. விசைகளில் கைச்சூடு இருந்தது. நாற்காலியைச் சுற்றித் தைல வாசனை அடித்தது, வயிற்று வலிக்குத் தேய்க்கும் தைலம்.

லீலாவதிக்கு நன்றி சொன்னாள். லீலாவதியின் முகம் வெளுத்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் நாகமணியைத் தனியே அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். ஆறாம் இருக்கை காளியம்மாவுடையது. வயிற்று வலி என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டு கழிவறைக்குப் போனவள் திரும்பவில்லை. பாவம், வேலை போய்விடக் கூடாதே என்று இருபுறத்துப் பெண்களும் மாறி மாறி அவள் விசைகளைத் தட்டினார்கள். காளியம்மா உழைத்துக்கொண்டிருப்பதாகவே திரை காட்டியது. சாயங்காலம் கதவை உடைத்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

“நாங்க தட்டாம இருந்திருந்தா மணி அடிச்சிருக்கும் லா. அந்தாளு தேடிப் போயிருப்பாரு,” என்றாள் லீலாவதி. “அவ நீட்டுற கையப் புடிக்காத, நாகமணி.”

நாகமணிக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் உயிரோடிருப்பவர்கள் நீட்டாத கையைச் செத்தவள் நீட்டியிருக்கிறாள் என்று நினைத்தபோது நெஞ்சு இளகிவிட்டது. அகாலத்தில் போன பெண்ணைப் பூவும் மஞ்சளும் வைத்து வீட்டுச் சாமியாகக் கும்பிடுவது அவள் குடும்பத்து வழக்கம். மறுநாள் மல்லிகைச் சரத்தையும் மஞ்சள் துண்டையும் விசைப்பலகைக்கு அடியில் செருகி வேண்டிக்கொண்டாள்.

“காளியம்மாக்கா, எனக்குப் புள்ள பொறக்கிற வரைக்கும் என் எடத்தப் பாத்துக்க.”

அதன் பிறகு அவளுக்கு மணி அடித்ததே இல்லை. சிவானந்தம்கூட அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டினார்.

மழைக்காலத்தில் ஒரு பிற்பகல். கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டவளுக்கு இடுப்பில் வெட்டியது போல் வலித்தது. கால்கள் மடங்கித் தரையில் விழுந்தாள்.

ரத்தம்.

எழ முடியவில்லை. தாழ்ப்பாள் எட்டாத உயரத்தில் இருந்தது. கத்தினாள். தகரக் கூரையில் கொட்டிய மழையில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

பரவாயில்லை, இப்போது மணி அடிக்கும் என்று நினைத்தாள். சிவானந்தம் திட்டிக்கொண்டே தேடி வருவார். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் பிள்ளையைக் காப்பாற்றிவிடலாம். வேலை போகட்டும், பிள்ளை இருந்தால் போதும். ஒரு மனிதனின் திட்டுக்காக அவள் இப்படி ஏங்கியதே இல்லை.

மணி அடிக்கவில்லை.

மழை சற்றுத் தணிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஆறாம் இருக்கை. மேலே இருந்த காற்றுத் துளை வழியாகச் சத்தம் வந்தது.

டக். டக். டக்.

“அக்கா, போதும்,” என்று முணுமுணுத்தாள். “கைய எடுத்துரு. புள்ள போயிரும்.”

விசைகள் நின்றன.

கதவிடுக்கு வழியாகத் தைல வாசனை உள்ளே வந்தது. குளிர்ந்த கை ஒன்று அவள் நெற்றியில் ஒட்டியிருந்த மயிரை ஒதுக்கிவிட்டது. அன்பாகத்தான் ஒதுக்கியது.

பிறகு மறுபடியும், டக், டக், டக்.

முன்பைவிட வேகமாக.

“ஆறாம் நம்பரப் பாத்துக் கத்துக்குங்க,” என்று கூடத்தில் சிவானந்தம் மற்றவர்களிடம் சொல்வது கேட்டது.

வயிற்றுக்குள் ஏதோ வழுக்கி விலகியது. நாகமணி இரண்டு கைகளாலும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிடித்து நிறுத்த முடியவில்லை. பிள்ளை பிறக்கிறவரைக்கும் என்றுதான் வேண்டியிருந்தாள். இனிப் பிறக்க ஒன்றும் இல்லை. அப்படியானால் அந்தக் கை எப்போதுதான் ஓயும்?

மழை விட்டது. கூடத்தில் நாற்காலிகள் நகர்ந்தன. லீலாவதியின் செருப்புச் சத்தம் சுவரோரம் வந்தது. இப்போது கூப்பிட்டால் நிச்சயம் கேட்கும். மிச்சமிருந்த மூச்சையெல்லாம் திரட்டி நாகமணி வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

“நாகமணி, பஸ்ஸு வந்திரும். போலாமா?” என்று ஆறாம் இருக்கைத் தடுப்புக்கு வெளியே நின்று, எட்டிப் பார்க்காமலே கேட்டாள் லீலாவதி.

ஆறாம் இருக்கையிலிருந்து பதில் வந்தது. நாகமணியின் சொந்தக் குரலில்.

“நீங்க போங்கக்கா. எனக்கு இன்னும் வேல இருக்கு.”

செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டிப் போனது. விசைகள் மறுபடி ஒலிக்கத் தொடங்கின.