தண்ணீர் படாத உரல்

மிளகுப் பால் ஆறி ஆடை கட்டிவிட்டது. சுமித்ரா டம்ளரை எடுத்துப் போய் மறுபடி சுட வைத்துக் கொண்டுவந்து கணவன் பக்கத்தில் வைத்தாள். பூபதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதினோரு நாளாக இதே கதைதான். அந்தக் கடிதம் வந்த காலையிலிருந்து அந்த வீட்டில் யாரும் யாரையும் முகம் பார்த்துப் பேசவில்லை.

பூபதி கைத்துப்பாக்கி சுடும் வீரன். மலைமேல் இருக்கும் பெரக்கரை நாட்டில் மிளகும் மரவள்ளியும் போடுகிற குடும்பத்தில் பிறந்து, தேசிய அணிக்கு ஆள் எடுக்கும் போட்டிவரை போனவன். போட்டி முடிந்ததும் அவனிடம் சிறுநீர் வாங்கிச் சோதித்தார்கள். இதயத் துடிப்பைக் குறைக்கிற மாத்திரை அதில் இருந்தது என்று கடிதம் சொன்னது. எப்படி உடம்புக்குள் வந்தது என்று காட்ட முடியாவிட்டால் இரண்டு வருடம் துப்பாக்கியைத் தொட முடியாது.

ஊரில் பாதிப்பேருக்கு இது விளங்கவே இல்லை. ஓடவில்லை, குதிக்கவில்லை, நின்ற இடத்தில் நின்று சுடுகிற ஆட்டம். அதில் ஏமாற்ற என்ன இருக்கிறது என்று டீக்கடையில் சிரித்தார்கள். சுமித்ராவுக்கு விளங்கும். பத்து மீட்டர் தள்ளிச் சுண்டைக்காய் அளவு ஒரு வட்டம். நெஞ்சு ஒருமுறை அடித்தால் போதும், துப்பாக்கி முனை ஆடும். இரண்டு துடிப்புக்கு நடுவில் கிடைக்கிற அந்தச் சின்ன அமைதியில்தான் அவன் சுடுவான். மாத்திரை போட்டால் அந்த அமைதி நீளும், கை கல் மாதிரி நிற்கும். அதனால்தான் அது ஏமாற்று.

ஆனால் அவன் அப்படிப்பட்டவனா? வெளியூரில் டீகூட வாங்கிக் குடிக்க மாட்டான். சளி பிடித்தால் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்காமல் மருந்து தொட மாட்டான். உலகத்தில் அவன் யோசிக்காமல் வாயில் வைப்பது தன் வீட்டு அடுப்பில் வெந்ததை மட்டும்தான். போட்டிக்கு முந்தின பத்து நாளும் அவன் இந்த வீட்டில்தான் இருந்தான்.

மறுநாள் விடியற்காலை முதல் பஸ்ஸில் பேளுக்குறிச்சியிலிருந்து அவன் தங்கை கவிதா வந்து இறங்கினாள். அண்ணனுக்கு நேர்ந்ததைக் கேட்டு அழுதாள், அம்மா இருசாயி கட்டிலில் சுருண்டு கிடப்பதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் அழுதாள். பிறகு அம்மாவுக்குக் கஞ்சி காய்ச்சுகிறேன் என்று சமையலறைக்குள் போனாள். சுமித்ரா ஓடுவதற்குள் ராகி மாவு டப்பாவைத் திறந்துவிட்டாள்.

கவிதா வெளியே வந்தபோது அவள் கையில் மாவு படிந்த மாத்திரை அட்டை ஒன்று இருந்தது. பூபதி அதை வாங்கி, அதன்மேல் இருந்த எழுத்தையும் போனில் இருந்த கடிதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். ஒரே பெயர்.

“கை நடுங்கக் கூடாதுன்னு எட்டுக்கை அம்மனுக்கு வேண்டிக்கிட்டது பத்தலீங்களா அண்ணி? மாத்திரையும் வாங்கிப் போட்டீங்களா?” என்றாள் கவிதா.

போன வருடம் இறுதிச் சுற்றில் கை நடுங்கி அவன் தோற்றபோது சுமித்ரா வேண்டிக்கொண்டது உண்மைதான். அந்த வேண்டுதல் இப்படித் திரும்பி வந்து முகத்தில் அடிக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

பூபதி கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. இதை எதற்கு ஒளித்து வைத்தாய், எத்தனை நாளாகக் கொடுத்தாய், யார் சொல்லிக் கொடுத்தார்கள், என்னை மெடல் வாங்குகிற யந்திரம் என்று நினைத்தாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கட்டிலைப் பார்த்தாள். இருசாயி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த மாத்திரை இருசாயியுடையது. எட்டு மாதத்துக்கு முன் நெஞ்சு படபடத்து, மலை ஆஸ்பத்திரி டாக்டர் எழுதிக் கொடுத்தது. ‘எம் மகனுக்கு மட்டும் தெரியக் கூடாது கண்ணு’ என்று மருமகளின் கையைத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். காரணம் இல்லாமல் இல்லை. பூபதியின் அப்பா நெஞ்சுவலியோடு வண்டியில் மலையிலிருந்து இறங்கும்போது பாதை வளைவிலேயே உயிரை விட்டார். அப்போது முகாமில் இருந்த பூபதி, பக்கத்தில் இல்லாமல் போனேனே என்று ஒரு வருடம் துப்பாக்கியைத் தொடவில்லை. அம்மாவுக்கும் நெஞ்சு நோய் என்று தெரிந்தால் அவன் அடியோடு விட்டுவிடுவான். அந்தப் பயத்தில்தான் இவ்வளவும். சந்தைக்கு மிளகு கொண்டுபோகும் நாளில் சுமித்ரா மாத்திரை வாங்கி வந்து டப்பாவில் புதைத்து வைப்பாள். கடிதம் சொன்ன மருந்தும் இதுவும் ஒன்றுதான் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

அவள் பேசாமல் சமையலறைக்குள் போனாள். கவிதா சீக்கிரம் வந்துவிட்டதால் அத்தைக்குக் காலை மருந்து கொடுக்கவில்லை. அந்த ஒரு மாத்திரை இன்னும் முந்தானை முடிச்சில் இருந்தது. இருசாயிக்கு மாத்திரை முழுங்க வராது. தினமும் பூபதி எழுவதற்கு முன் அதைச் சின்னக் கல்லுரலில் நுணுக்கி, தேனில் குழைத்து நாக்கில் தடவ வேண்டும். சுமித்ரா உரலை இழுத்து மாத்திரையைப் போட்டு இரண்டு தட்டுத் தட்டினாள்.

மூன்றாவது தட்டுக்குக் கை எழவில்லை.

அது மிளகு உரல். அந்த வீட்டில் மிளகு உரலில் தண்ணீர் படக் கூடாது. பட்டால் கல் ஈரம் குடித்து மிளகில் பூசணம் பிடிக்கும், காரம் செத்துவிடும் என்று இருசாயி, மருமகள் வந்த முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தாள். துணியால் துடைப்பதோடு சரி. கல்லின் கறுத்த குழிகளுக்குள் வெள்ளையாகப் பொடி அப்பிக் கிடந்ததை சுமித்ரா இப்போதுதான் பார்த்தாள். தினமும் அத்தைக்கு மருந்து நுணுக்கிய கையோடு, அதே உரலில் மிளகைத் தட்டி, அவனுக்குப் பாலில் போட்டது அவள்தான். பத்து நாள், பத்து டம்ளர். அவன் ஒரு சொட்டு மிச்சம் வைத்ததில்லை.

உரலின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எந்தப் பாவமும் செய்யாத கையென்று நினைத்திருந்தாளே...

அழுது முடித்து, பொடியைத் தேனில் குழைத்து, எல்லோர் முன்னாலும் அத்தையின் நாக்கில் தடவிவிட்டு வந்தாள். தேன் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். பிறகு பூபதியின் முன்னால் நின்று, மாத்திரை தன்னுடையது என்றும், அதை மிளகு உரலில் நுணுக்கியதால் பாலில் கலந்துவிட்டது என்றும் சொன்னாள். சத்தியத்தையும் காக்க வேண்டும், அவனையும் காக்க வேண்டும். அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

“உனக்கு என்ன வியாதி?” என்று கேட்டான்.

ஏதாவது ஒரு வியாதியின் பெயரை அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

“அட்டை கெடைச்சப்பறம் கதை கட்டுற. எங்கம்மா முன்னாலயே பொய் சொல்ற... உங்கப்பன் ஊட்டுக்குப் போயிரு, சுமித்ரா. உன்னையப் பாத்துட்டே இருந்தா நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியல.”

அத்தை ஒரு வார்த்தை சொல்வாளா என்று வாசல்படியில் கொஞ்ச நேரம் நின்றாள். கட்டிலில் போர்வை அசைந்தது. சுமித்ரா துணிப்பையை எடுத்துக்கொண்டு அப்பா வீடு இருக்கும் முள்ளுக்குறிச்சிக்குப் பஸ் ஏறினாள்.

இரண்டாம் நாள் பூபதியின் வழக்கை நடத்தும் வக்கீல் அருள்மொழி போன் செய்தாள். உரல் விஷயத்தைப் பூபதி கோபத்தோடு சொல்லியிருக்கிறான். அவள் அதைக் கோபமில்லாமல் கேட்டுக்கொண்டாள். உங்கள் பெயருக்கு டாக்டர் எழுதின சீட்டு இருந்தால் அனுப்புங்கள், அது இல்லாமல் இது வெறும் பேச்சு, விசாரணைக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது என்றாள். சீட்டு சுமித்ராவின் பையில்தான் இருந்தது. அதில் இருந்த பெயர் இருசாயி.

அன்று முழுக்க அவள் சோறு தொடவில்லை. ஒரு பக்கம் அவன் இரண்டு வருடம். இன்னொரு பக்கம் தலைமேல் கை வைத்துச் செய்த சத்தியம். இதற்கு நடுவில் வேறொரு நினைப்பு வந்து அவளை எழுப்பி உட்கார வைத்தது. மாத்திரை அட்டை பூபதியிடம் இருக்கிறது. அத்தைக்கு மருந்து யார் கொடுப்பார்கள்? திடீரென்று நிறுத்தினால் ஆபத்து என்று டாக்டர் அழுத்திச் சொல்லியிருந்தாரே.

மறுநாள் காலையில் பேளுக்குறிச்சிக்குப் போய் மருந்துக்கடையில் புது அட்டை வாங்கிக்கொண்டு, மலைக்குப் போகும் பஸ்ஸுக்கு நின்றாள். திட்டினாலும் சரி, கதவைச் சாத்தினாலும் சரி, அத்தையோடு தங்கியிருக்கும் கவிதாவின் காலில் விழுந்தாவது இதைக் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்பதுதான் அவள் எண்ணம்.

அதற்குள் மலையிலிருந்து ஒரு பஸ் வந்து எதிர்ப்பக்கம் நின்றது. முன்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருசாயி இறங்கினாள். புருஷன் போனதிலிருந்து இந்தப் பாதையில் கால் வைக்க மாட்டேன் என்று இருந்தவள். முகம் வெளுத்து, வாந்தி எடுத்த சேலையோடு நின்றாள். பின்னால் பூபதி, தோளில் ஒரு சாக்குப்பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

சுமித்ரா ரோட்டைத் தாண்டி ஓடினாள். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. “அத்தை, மாத்திரை போட்டு மூணு நாளாச்சுங்களே... நெஞ்சு எப்படியிருக்குதுங்க?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியில் இருசாயி உடைந்துபோனாள். மருமகளின் கையைப் பிடித்துத் தன் முகத்தில் அடித்துக்கொள்ளப் பார்த்தாள். சுமித்ரா விடவில்லை.

“எல்லாத்தையும் சொல்லிப்போட்டேன் சாமி. நேத்துப் பொழுதோட நெஞ்சு கெடந்து அடிச்சுது, இதோட போயிருவேன்னு நெனச்சேன். நான் செத்தா உம்மேல வந்த பழி அப்படியே நின்னு போயிரும்னு அப்பத்தான் பயம் வந்துச்சு. அன்னிக்கே சொல்லியிருக்கோணும்... எம் மகன் பொழப்பை நானே கெடுத்துப்போட்டேன்னு தெரிஞ்சதும் நாக்கு எழும்பலே கண்ணு. உன்னைய முன்னால தள்ளிட்டு நான் போர்வைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டேன்.”

பஸ் நிறுத்தம் என்றும் பார்க்காமல் இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். பூபதி சாக்குப்பையைக் கீழே வைக்கத் தோன்றாமல் நின்றான். அதற்குள் இருந்தது உரல். கழுவாத உரலை அப்படியே அனுப்புங்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தாள்.

“என்னைய மன்னிச்சிரு, சுமித்ரா,” என்றான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிதானமாகத்தான் பேசினாள்.

“அன்னிக்கு நீங்க எத்தனையோ கேட்டீங்க. எதுக்குன்னு கேட்டீங்க, எத்தனை நாளான்னு கேட்டீங்க, உனக்கு என்ன வியாதின்னு கேட்டீங்க. இது யாருக்கு வாங்குன மாத்திரைன்னு ஒரு வார்த்தை கேக்கலீங்க. கேட்டிருந்தா, சத்தியத்தை உட்டுட்டுச் சொல்லியிருப்பேனோ என்னமோ.”

பூபதி அப்போதுதான் சாக்குப்பையைக் கீழே இறக்கி வைத்தான்.

உரலைச் சோதித்தார்கள். கல்லின் குழிகளில் மருந்து இருந்தது. இருசாயி தன் பெயர் போட்ட சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் திரைக்கு முன் உட்கார்ந்து, மிளகு உரலில் ஏன் தண்ணீர் படக் கூடாது என்று, விசாரணை நடத்திய முன்பின் தெரியாத மூன்று பெரிய மனிதர்களுக்கு விளக்கிச் சொன்னாள். அவன் வேண்டுமென்று செய்யவில்லை என்று ஒத்துக்கொண்டார்கள். ஆனாலும் உடம்புக்குள் போவதற்கு அவன்தான் பொறுப்பு என்று இரண்டு வருடத்தை ஏழு மாதமாகக் குறைத்தார்கள். அந்தப் போட்டியில் அவன் எடுத்த புள்ளிகள் அழிந்தன. அணி அவன் இல்லாமல் விமானம் ஏறியது. அதை டிவியில் பார்த்தபோது பூபதி எழுந்து மிளகுத் தோட்டத்துக்குப் போய்விட்டான்.

இருசாயி பயந்தபடி அவன் துப்பாக்கியை விட்டுவிடவில்லை. ஏழு மாதம் முடிந்ததும் போகிறேன், அதுவரை உன் மருந்து என் பொறுப்பு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் வைத்து மாத்திரையை அவனே நுணுக்குகிறான்.

உரல் ஒரு நாள் பார்சலில் திரும்பி வந்தது. பக்கத்தில் நம்பர் போட்ட காகிதம் ஒட்டியிருந்தது. சுமித்ரா அதைச் சமையலறைத் திண்டின் மேல் வைத்து, என்ன செய்வது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடமாகத் தண்ணீர் காணாத கல். காரம் போய்விடும் என்று சொன்ன அத்தை பக்கத்திலேயே நிற்கிறாள்.

இருசாயி ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து வந்து தானே உரலில் ஊற்றினாள். அது வழிந்து தரையெல்லாம் ஓடியது.

“தேச்சுக் கழுவு கண்ணு,” என்றாள். “காரம் போனாப் போவுது.”

சுமித்ரா தேங்காய் நாரை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். கண்ணீரும் சேர்ந்து விழுந்தது. இருசாயி தடுக்கவில்லை. இன்னொரு சொம்பு மொண்டு வந்து ஊற்றினாள்.