குறடும் இரண்டாவது மோட்டாரும்

அவளுக்கு அம்மா அப்பா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை. எதையாவது பிடித்தால் விடவே மாட்டாள் என்பதால், வீட்டிலும் பள்ளியிலும் அவள் எல்லாருக்கும் 'குறடு'தான். பட்டப்பெயர் சொன்னால் கோபம் வருமா என்கிறீர்களா? ஊஹூம். பெருமையாகத் திரும்பிப் பார்ப்பாள்.

அந்த வியாழக்கிழமை மாலை, குறடு வாசலுக்கும் தெருமுனைக்கும் பத்துத் தடவை நடந்துவிட்டாள். அப்பா இன்னும் வரவில்லை.

"அக்கா, நீ நடந்தா அப்பா சீக்கிரம் வந்துடுவாரா?" என்றான் தம்பி. எட்டு வயதான அவனுக்கு 'வால்' என்று பெயர். காரணம் கேட்கவே வேண்டாம்.

"சும்மா இருடா! இன்னைக்கு அந்த மோட்டார் வரலேன்னா நான் தொலைஞ்சேன்."

அவள் கவலையிலும் நியாயம் இருந்தது. சனிக்கிழமை நூலகத்தில், சிறுவர்கள் தாங்களே செய்த பொருள்களைப் பார்வைக்கு வைக்கப் போகிறார்கள். குறடு முதல் ஆளாகப் போய், 'படம் வரையும் இயந்திரம்' என்று பட்டியலில் எழுதிவிட்டு வந்துவிட்டாள். எழுதும்போது இயந்திரம் பாதிதான் தயாராகியிருந்தது. அவளுடைய தைரியம் அப்படி!

பேனாவை இடமும் வலமும் நகர்த்த அவளிடம் ஒரு மோட்டார் இருந்தது. மேலும் கீழும் நகர்த்த அச்சு அசலாக அதே மாதிரி இன்னொன்று வேண்டும். முதல் மோட்டார், அப்பாவின் அலுவலகத்தில் தூக்கிப்போட்ட ஒரு பிரிண்டரிலிருந்து கழற்றியது. அதே வகைப் பிரிண்டர் இன்னொன்றும் அங்கே கெட்டுப்போய் மூலையில் கிடந்தது. அந்த அலுவலகத்தில் உதவியாளராக இருக்கும் அப்பா, மேலதிகாரியிடம் அனுமதி எழுதி வாங்கி, இன்று அதைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார்.

"வந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே எதிர்வீட்டிலிருந்து டாக்டர் வந்தான்.

டாக்டர் என்றால் ஊசி போடும் டாக்டர் இல்லை. அவன் குறடின் வகுப்புத் தோழன். கெட்டுப்போன பொருள் எது கிடைத்தாலும், மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து அரைமணி நேரம் பார்ப்பான். அப்புறம்தான் 'பிழைக்கும்' என்றோ, 'பிழைக்காது' என்றோ சொல்வான்.

அவ்வளவு குனிவதற்குக் காரணம் உண்டு. தடித்த கண்ணாடி போட்டிருந்தும், பாடப்புத்தக எழுத்துகள் அவனுக்கு எறும்பு ஊர்கிற மாதிரிதான் தெரியும். அதனால் அவன் அம்மா ஒவ்வொரு பாடத்தையும் தெருமுனை நகல் கடையில் பெரிய எழுத்தாக எடுத்துத் தருவார். இந்த வாரம் பார்த்துக் கடைக்காரர் உறவினர் கல்யாணத்துக்குப் போய்விட்டார். கடை பூட்டிக் கிடந்தது. திங்கட்கிழமையோ அறிவியல் தேர்வு!

"பாடம் எவ்வளவு ஆச்சு?" என்று குறடு கேட்டாள்.

"அம்மா வேலைக்குப் போயிட்டு வந்து, கையாலேயே பெருசா எழுதித் தர்றாங்க. நாலு பக்கம் முடிஞ்சுது. இருபது பக்கம் பாக்கி," என்றான் டாக்டர். "கை வலிக்குதான்னு கேட்டா இல்லைங்கறாங்க. ஆனா வலிக்குது. எனக்குத் தெரியும்."

குறடு பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் "அப்பா! அப்பா!" என்று வால் போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது.

சைக்கிளின் பின்னால் கயிற்றால் கட்டி, அப்பா பிரிண்டரைக் கொண்டுவந்திருந்தார். மேலே நகல் எடுக்கும் கண்ணாடியும் மூடியும் இருந்தன. அதே நிறம், அதே வகை! குறடுக்குத் தலைகால் புரியவில்லை.

மாடிப்படிக்கு அடியில்தான் அவர்கள் மூவருடைய 'கழற்றுவோர் சங்கம்' இருந்தது. சுவரில் சங்கத்தின் முதல் விதியை எழுதி ஒட்டியிருந்தார்கள்: 'ஓட்டிப் பார்க்காமல் எதையும் கழற்றக் கூடாது.'

அந்த விதி வந்த கதை கொஞ்சம் வெட்கக்கேடு. ஒருமுறை அலுவலகத்திலிருந்து வந்த சுவர்க் கடிகாரத்தை, நின்றுபோய்விட்டது என்று மூவரும் சேர்ந்து அக்கக்காகக் கழற்றிவிட்டார்கள். கடைசிச் சக்கரத்தையும் எடுத்த பிறகுதான், அதில் பேட்டரியே இல்லை என்பதை வால் கண்டுபிடித்தான். அன்று அப்பா சிரித்த சிரிப்பு அடங்க ஒரு மணி நேரம் ஆனது.

அம்மா போட்ட விதி ஒன்றும் உண்டு. பெரியவர்கள்தான் ப்ளக்கைச் சொருக வேண்டும். அப்பா சொருகினார். பிரிண்டர் 'ம்ம்ம்' என்று முனகியது. உள்ளே மைப்பெட்டி வேகமாக ஓடி, ஓரத்தில் 'டக்'கென்று மோதி நின்றது. சிவப்பு விளக்கு மின்னத் தொடங்கியது.

"பிழைக்காது!" என்றான் டாக்டர். "வா, கழற்றிடலாம்."

"தூக்கிப்போட்ட பொருளுக்கு எவ்வளவு கனம்!" என்று முதுகைப் பிடித்துக்கொண்டு அப்பா ப்ளக்கை எடுத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்.

குறடு ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். முதல் திருகில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினாள். கை அப்படியே நின்றது.

அரைமணி நேரம் பார்க்கிறவன் இன்று அரை நிமிஷம்கூடப் பார்க்கவில்லையே! குனியவே இல்லையே!

"டாக்டர், நீ இதைப் பார்க்கவே இல்ல."

"பார்த்தேனே."

"பொய். மைப்பெட்டி ஓடுச்சு. அப்போ மோட்டார் நல்லா இருக்கு. விளக்கும் எரியுது. என்னமோ சின்னக் கோளாறுதான். உனக்கும் அது தெரியும்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். அழுக்கு இல்லாத கண்ணாடியை எவ்வளவு நேரம்தான் துடைப்பது?

"உனக்குச் சனிக்கிழமைக்கு மோட்டார் வேணும்ல. மூணு மாசமா காத்திருக்கே," என்றான் மெதுவாக.

குறடு அந்தக் கண்ணாடி மூடியைப் பார்த்தாள். பக்கத்தில் பொத்தான்கள் இருந்தன. ஒன்றின் மேல் 'பெரிதாக்கு' என்று போட்டிருந்தது. நகல் கடையில் இருப்பதும் இதே மாதிரிப் பொத்தான்தான். இது ஓடினால் இருபது பக்கமும் இங்கேயே, மாடிப்படிக்கு அடியிலேயே வந்துவிடும்!

அவளுக்கு மோட்டார் வேண்டும்தான். ரொம்ப வேண்டும். ஆனாலும் முதல் திருகை இறுக்கமாகத் திரும்ப முடுக்கினாள்.

"இது பிரிண்டர். மோட்டார் இல்ல. இது உனக்கு," என்றாள்.

"வேண்டாம். நீ கழற்று."

"மாட்டேன்."

"கழற்றுங்கறேன்ல!"

"முடியாதுங்கறேன்ல! நீ பெரிய தியாகியா?"

"நீ மட்டும் என்னவாம்?"

"ரெண்டு பேருக்கும் வேண்டாம்னா எனக்குக் குடுங்க. மேல ஏறி உக்காந்துக்கறேன்," என்றான் வால். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சண்டை அதோடு சரி.

மூவரும் மூடியைத் திறந்து குனிந்தார்கள். இந்தத் தடவை டாக்டர் உண்மையாகவே பார்த்தான். மைப்பெட்டிக்குப் பின்னால், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, மெல்லிய பிளாஸ்டிக் நாடா ஒன்று இழுத்துக் கட்டியிருந்தது.

"இதுல மை சிந்திக் காய்ஞ்சிருக்கு," என்றான். "கோடு கோடா இருக்கே, என்ன இது?"

குறடு பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். ரூலரில் இருப்பதைவிட ரொம்ப ரொம்பப் பொடிக் கோடுகள். மைப்பெட்டியின் முதுகில் சின்னதாக ஒரு கண். நாடா அந்தக் கண்ணின் நடுவே போயிற்று.

"புரிஞ்சுபோச்சு!" என்று துள்ளினாள். "ஓடும்போது இந்தக் கோட்டை எண்ணித்தான், எங்க இருக்கோம்னு பெட்டி தெரிஞ்சுக்குது. மை மறைச்சதும் கணக்குத் தப்பி, போய் முட்டிக்குது. துடைச்சா சரியாயிடும்!"

ஈரத்துணியால் துடைத்தாள். மை போகவில்லை. இன்னொரு தடவை துடைத்தாள். அப்போதும் போகவில்லை. குறடு விடுவாளா? உள்ளே ஓடி, அம்மாவின் நகப்பூச்சை அழிக்கும் திரவத்தைக் கொண்டுவந்தாள். பஞ்சில் நனைத்து ஒரே இழுப்பு. மை போன இடம் தெரியவில்லை.

"பார்த்தியா!" என்று நிமிர்ந்தாள்.

டாக்டர் குனிந்தான். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"குறடு... கோடு எங்கே?"

மையோடு கோடுகளும் போய்விட்டிருந்தன. நாடா பளிங்கு மாதிரி இருந்தது. ஒரு கோடுகூட மிச்சமில்லை.

குறடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் முட்டியது. அவசரப்பட்டுத் தானே கெடுத்துவிட்டோமே என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் கோபமாக வந்தது. "இப்போ உனக்கும் இல்லாம பண்ணிட்டேன்," என்றாள்.

"பரவாயில்ல, விடு," என்றான் டாக்டர். ஆனால் அவன் முகமும் தொங்கிப்போயிருந்தது.

அதுதான் குறடுக்குப் பொறுக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். பழைய பிரிண்டரின் பாகங்கள் இருந்த பெட்டியைக் கவிழ்த்தாள். "நாம முதல்ல கழற்றினதும் இதே வகைதானே? அதுலயும் இந்த நாடா இருந்திருக்கணுமே?"

சக்கரங்கள் இருந்தன. கம்பிகள் இருந்தன. நாடாவைத்தான் காணோம். குறடு திரும்பினாள். வால் ஓசைப்படாமல் பின்பக்கமாக நழுவிக்கொண்டிருந்தான்.

"டேய்! நில்லு!"

"நான் திருடலை! குப்பைன்னு நினைச்சேன்! என் கணக்குப் புத்தகத்துல அடையாளத்துக்கு வெச்சிருக்கேன்!"

"கணக்குப் புத்தகத்துலயா? வளைஞ்சு, கசங்கி, நாசமாயிருக்குமே!"

"இல்லக்கா. அந்தப் புத்தகத்தை நான் திறக்கறதே இல்ல. பத்திரமா இருக்கும்."

அவன் சொன்னது சத்தியம். நாடா புத்தம் புதிதாக இருந்தது. ஒரு கோடுகூட அழியவில்லை. தம்பி கணக்குப் போடாததற்காக ஓர் அக்கா அவனைக் கட்டிக்கொண்டது அன்றைக்குத்தான் இருக்கும்.

நாடாவை அந்தச் சின்னக் கண்ணின் நடுவே நுழைப்பது லேசான வேலை இல்லை. குறடு மூன்று தடவை முயன்றும் அது நழுவியது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பிரிண்டருக்குள் தலையையே விட்டான். கிட்டத்தில் இருப்பதைப் பார்ப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. ஒரு முனையை ஊசித்துளை போன்ற இடத்தில் நுழைத்து, மறுமுனையைச் சுருள்கம்பியில் மாட்டினான்.

"பிழைக்கும்," என்றான்.

அப்பா வந்து ப்ளக்கைச் சொருகினார். மைப்பெட்டி ஓடியது, திரும்பியது, மோதாமல் தன் இடத்தில் போய் அழகாக நின்றது. பச்சை விளக்கு எரிந்தது.

அறிவியல் புத்தகத்தை விரித்து வைத்து, 'பெரிதாக்கு' பொத்தானை டாக்டரே அழுத்தினான். தாள் மெல்ல மெல்ல வெளியே வந்தது. எழுத்து ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு!

டாக்டர் அதை நெஞ்சளவில் பிடித்துக்கொண்டு படித்தான். "இலைகள் தமக்கு வேண்டிய உணவைத் தாமே..." சட்டென்று நிறுத்தினான். "அம்மா இன்னைக்கு எழுத வேண்டாம்," என்றான். அவன் குரல் என்னவோ போல் இருந்தது.

"அப்பா, ஓடுதுன்னு தெரிஞ்சா ஆபீஸ்ல திருப்பிக் கேப்பாங்களா?" என்றாள் குறடு.

"புதுசு வாங்கியாச்சு கண்ணு. இதை உங்களுக்குன்னே எழுதிக் குடுத்திட்டாங்க. ஆனா ஓடுதுன்னு சொல்லுவேன். கேட்டு எல்லாரும் வாயைப் பிளக்கட்டும்!"

அப்புறம் சனிக்கிழமை என்ன ஆயிற்று? ஒரு மோட்டாரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று குறடு வெள்ளிக்கிழமை மாலை முழுக்க யோசித்தாள். பேனா நகர்ந்தால்தானே இரண்டு மோட்டார் வேண்டும்? தாளைச் சுற்ற விட்டால்? மோட்டாரின் மேல் ஒரு தட்டு வைத்து, அதில் தாளை ஒட்டினாள். பழைய பிரிண்டரின் பல்சக்கரம் ஒன்று, தட்டு சுற்றச் சுற்றப் பேனாவை முன்னும் பின்னும் தள்ளும்படி செய்தாள். தாளில் பூ விரிந்தது. சக்கரத்தை மாற்றினால் இதழ்களும் மாறின. எட்டு இதழ், பன்னிரண்டு இதழ் என்று விதவிதமாக வந்தன.

நூலகத்தில் அவள் மேசையைச் சுற்றி நல்ல கூட்டம். பின்சுவரில் ஒட்டப் பெயர்ப்பலகை தயாரிக்கும் பொறுப்பை வாலிடம் விட்டிருந்தார்கள். அவன் கோணல்மாணலாக எழுதி, அதைப் பிரிண்டரில் பெரிதாக்கி, அந்த நகலையும் பெரிதாக்கி, துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டு வந்திருந்தான். இயந்திரத்தை ஓட்டும் வேலையில் குறடு அதைத் திரும்பியே பார்க்கவில்லை.

பாடத்தைப் படித்து முடித்துவிட்டு டாக்டர் அப்போதுதான் உள்ளே நுழைந்தான். வாசலில் நின்று சுவரைப் பார்த்து, உரக்கப் படித்தான்.

"'படம் வரையும் இயந்திரம். பூ மட்டும்தான் வரையும். ஆனால் சூப்பராக வரையும். பார்க்க வருகிறவர்கள் வாலுக்கு ஒரு மிட்டாய் தரவும்.' டேய் வால்!"

கூட்டமே கொல்லென்று சிரித்தது. வால் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டான். அவன் சட்டைப் பை ஏற்கெனவே உப்பியிருந்தது.

குறடு மட்டும் சிரிக்கவில்லை. வாசலைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். மூக்கு இடிக்கக் குனிந்து பார்க்கிறவனுக்கும் சுவருக்கும் நடுவே பதினைந்து அடியாவது இருக்கும்.

"என்ன அப்படிப் பார்க்கறே?" என்றான் டாக்டர்.

"ஒண்ணுமில்ல," என்றாள் குறடு. "அங்கேயே நின்னு இன்னொரு தடவை படி."