அபி படித்துக் காட்டாத சீட்டு

திருத்தணி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் தணிகைவேல் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். அவர் மகள் அபி ஆறாம் வகுப்பு. பள்ளி விட்டதும் நேராகக் கடைக்கு வந்துவிடுவாள்.

கடையில் அவளுக்கு ஒரே ஒரு வேலை. பழுதுக்கு வரும் கணினியில் மஞ்சள் சீட்டு ஒட்ட வேண்டும். உள்ளே இருப்பதை அழிக்கலாமா, கூடாதா என்று கேட்டு எழுதி, கொண்டுவந்தவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். இது கடையின் சட்டம்.

திங்கட்கிழமை இரண்டு கறுப்பு மடிக்கணினிகள் ஒரே நேரத்தில் வந்தன. கூடவே ஒரு குரங்கும் வந்தது. மேசையில் இருந்த வாழைப்பழத்தைச் சீப்போடு தூக்கிக்கொண்டு ஓடியது. அபி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இரண்டு சீட்டையும் ஒட்டினாள். படித்துக் காட்ட மறந்தே போனாள்.

புதன்கிழமை அந்த இரண்டில் ஒன்றின் சொந்தக்காரர் வந்து, "என்னுதுல எதையும் அழிக்கவே இல்லியே?" என்று கேட்டார். அப்போதுதான் சீட்டு மாறியது தெரிந்தது. அழிந்துபோனது திருவாலங்காடு கோதண்டத்தின் கணினி. போன வருடம் இறந்த அவர் மனைவி அம்சாவின் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன.

தணிகைவேல் இரண்டு நாள் என்னென்னவோ செய்து பார்த்தார். ஒரு படம்கூடத் திரும்பவில்லை.

"டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாம்," என்றார் அவர், மகள் முகத்தைப் பார்க்காமல்.

"பொய் இல்லியா நைனா?"

"நெஜம் தெரிஞ்சா இனிமே யாரும் நம்ம கடைக்கு வர மாட்டாங்க."

சனிக்கிழமை கோதண்டம் வந்தார். தணிகைவேல் அந்தப் பொய்யையே சொன்னார். கோதண்டம் கணினியை மெதுவாகத் தடவினார்.

"போன மாசம் பஸ்ல கை நழுவிக் கீழ போட்டுட்டேன். அதுலதான் கெட்டிருக்கும். நானே அவளைத் தொலைச்சிட்டேன்," என்றார்.

அபியால் தாங்க முடியவில்லை. "நீங்க ஒண்ணும் பண்ணல மாமா. டிஸ்க் நல்லாதான் இருக்குது. நான்தான் சீட்டை மாத்தி ஒட்டிட்டேன்."

தணிகைவேல் தலை குனிந்தார். "அவ சொல்றதுதான் நெஜங்க. உள்ள என்ன இருக்குதுன்னு பாக்காம அழிச்சது நானு. பொய் சொன்னதும் நானு."

கோதண்டம் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. கணினியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து அவர் மறுபடியும் வந்தார். கையில் ஒரு பழைய போன்.

"பொதட்டூர்பேட்டை மச்சானோட போன் இது. அவ படம் ஒண்ணே ஒண்ணு இதுல இருக்குதாம். ஆன் ஆக மாட்டேங்குது."

தணிகைவேல் அதைத் தொடத் தயங்கினார். "எங்ககிட்டயா குடுக்கறீங்க?"

"வேற கடையில ஏதாச்சும் ஆனா, என்கிட்ட சொல்லுவாங்களான்னு தெரியல," என்றார் கோதண்டம். பிறகு அபி பக்கம் திரும்பினார். "சீட்டு நீயே எழுது பாப்பா."

அபி எழுதினாள். எழுத்து கோணல்மாணலாக வந்தது. "அழிக்கக் கூடாது," என்று வாய்விட்டுப் படித்தாள்.

"இன்னொரு தபா படி."

படித்தாள்.

"ஆங்," என்றார் கோதண்டம்.

அதற்குப் பிறகுதான் அபி சீட்டை ஒட்டினாள்.