செத்தவர் சம்மதிக்கவில்லை

காலை பத்து நாற்பதுக்குப் பிணவறையிலிருந்து போன் வந்தது.

செர்வா எடுத்தாள்.

"யாவ் அடுசெய் வீடுங்களா?"

"கடை. நான் அவர் சம்சாரம்."

"உடம்புக்கு எந்தத் துணி போடறதும்மா? கலர் கென்ட்டே நெசவா, வெள்ளையா?"

"அவரோட அக்காவைக் கேளுங்க. உடம்பு குடும்பத்துது. எங்க வழக்கத்துல பொண்டாட்டிக்கு அதுல பேச்சில்ல."

"அப்ப நீங்க எதுக்கு?"

"அழறதுக்கு."

வைத்துவிட்டாள்.

எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் இன்ஸ்பெக்டர் அடோங்கோ. நாட்டின் வடக்குப் பகுதிக்காரர். குமாசிக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம் ஆகவில்லை. மடியில் இலைப் பொட்டலம். சோறு, மொச்சை, ஒரு முட்டை.

செர்வாவைக் கைது செய்ய வந்தவர். அவரை இறக்கிவிட்ட ஜீப் பெட்ரோல் போடப் போயிருந்தது. அது திரும்பும்வரை பசியாறிக்கொண்டிருந்தார்.

"மெதுவா சாப்பிடுங்க சார். கைதுக்கு என்ன அவசரம்."

"நல்ல மனசு மேடம் உங்களுக்கு. கொலைகாரங்க பொதுவா தண்ணிகூடத் தரமாட்டாங்க."

"நான் கொலை பண்ணல."

"அதையும் ஸ்டேஷன்ல எழுதிக்குவோம்."

விஷயம் இதுதான்.

மூன்று வாரம் முன்பு யேஜியில் ஏரிப் படகு கவிழ்ந்தது. அதில் செர்வாவின் கணவர் யாவ் இருந்தார். சில நாள் கழித்து ஒரு உடல் கரை ஒதுங்கியது. முகம் இல்லை. மண்டையில் அடி. யாவின் அக்கா ஃபோஸ்டினா போய்ப் பார்த்தாள். என் தம்பிதான் என்றாள். கையோடு போலீஸுக்கும் போனாள். படகுக்காரனைப் பிடித்து என் தம்பியைத் தள்ளிவிடச் சொன்னது தம்பி பொண்டாட்டிதான் என்றாள்.

படகுக்காரனைக் காணவில்லை. ஆனால் சாட்சி இருந்தது. யாவ் கிளம்பியதற்கு முதல் நாள் நடந்த சண்டை. அடும் கடைத்தெரு முழுக்கக் கேட்டது.

"'ஏரியில போய் விழு'ன்னு சொன்னீங்களா இல்லையா மேடம்?"

"சொன்னேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவர் என் பேச்சைக் கேட்டது அது ஒண்ணுதான்."

இன்ஸ்பெக்டருக்குப் புரையேறியது.

"இன்ஷூரன்ஸ் உங்க பேர்ல இருக்கு."

"ஆமா."

"நீங்கதான் கொன்னீங்கன்னு கோர்ட்டு சொல்லிட்டா உங்களுக்குக் கிடைக்காது. குடும்பத்துக்குப் போயிடும்."

"இதை உங்களுக்கு யார் சொன்னது? எங்க அண்ணியா?"

"மூணு தடவை சொன்னாங்க."

கதவு திறந்தது.

ஃபோஸ்டினா.

கறுப்புத் துணி. சிவப்புத் தலைக்கட்டு. ஒரு கையில் கைப்பை. மறு கையில், இன்னும் பாலித்தீன் உறை பிரிக்காத புது லேப்டாப்.

"இருக்கியா? நல்லவேளை. இழுத்துட்டுப் போயிருப்பாங்கன்னு பயந்தே வந்தேன். லைசென்ஸை எடு."

"என்ன லைசென்ஸ் அண்ணி?"

"சுவத்துல மாட்டி வெச்சிருக்கானே. அது."

மூவரும் சுவரைப் பார்த்தார்கள்.

அந்தக் கடைத்தெருவில் எல்லாக் கம்ப்யூட்டரும் திருட்டு ஆபரேட்டிங் சிஸ்டத்தில்தான் ஓடுகிறது. ஒன்றைத் தவிர. யாவின் கம்ப்யூட்டர். அதன் சிஸ்டத்துக்கு முழு விலை கொடுத்து லைசென்ஸ் வாங்கினார். அது வந்த டப்பாவுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டார். வருகிற ஆளிடமெல்லாம் அதைக் காட்டினார். கல்யாணப் போட்டோ அதற்குக் கீழே இருந்தது. கொஞ்சம் சின்னதாக.

"தம்பி சொத்து குடும்பச் சொத்து. என் பையன் கெல்வின் காலேஜ் போறான். அவன் லேப்டாப்புக்கு இதை மாத்து."

"மாத்தினா கடை மிஷின்ல இருக்காதே அண்ணி. ஒரு நேரத்துல ஒரு மிஷின்லதான்."

"இல்லாட்டி போகுது. நீ ஜெயிலுக்குப் போறவ. அங்க யாருக்குப் போஸ்டர் அடிக்கப் போறே?"

இன்ஸ்பெக்டர் விரலை நக்கினார்.

"இதெல்லாம் மாத்த முடியுமா மேடம்? என் டிரைவிங் லைசென்ஸை என் தம்பிக்கு மாத்த முடியல."

"முடியும் சார். மிஷினோட சேர்ந்து வந்ததுன்னா அதோடயே சாகும். இது தனியா வாங்கினது. புது மிஷின்ல அவர் கணக்கைத் திறந்து, பழசை விட்டுட்டு இதுக்கு வந்துடுன்னு சொல்லணும்."

"மறுகல்யாணம் மாதிரி."

"அதைவிடச் சுலபம். இதுல நாத்தனார் கிடையாது."

"வாயைப் பாரு," என்றாள் ஃபோஸ்டினா. "சனிக்கிழமை புதைக்கப் போற புருஷன்... கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இருக்கா பாருங்க இன்ஸ்பெக்டர் தம்பி."

இருந்தது. செர்வா அதைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தாள்.

"பாஸ்வேர்டு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தட்டும்போது வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே தட்டுவார். தெருவுக்கே தெரியும்."

தட்டினாள்.

லேப்டாப் யோசித்தது. பிறகு ஒரு வரி காட்டியது.

'உங்கள் போனுக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறோம். உள்ளே நுழைவது நீங்கள்தானா?'

கைப்பையிலிருந்து எடுத்து வீசிக்கொண்டிருந்த ஃபோஸ்டினாவின் விசிறி நின்றது.

"எந்த போனுக்கு?"

"அவர் போனுக்கு. அதுதான் அவரோட ஏரியில போச்சே. பதில் வராது. கொஞ்சம் பாத்துட்டு வேற வழி கேட்டுக்கலாம்."

காத்திருந்தார்கள்.

வெளியே ஒரு டிரோட்ரோ வேன் ஆள் கூப்பிட்டபடி போனது.

திரை மாறியது.

'கோரிக்கை மறுக்கப்பட்டது.'

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். "பதில் வரலைங்குதா?"

"இல்ல சார்." செர்வாவின் குரல் இறங்கிவிட்டது. "வரலைன்னா, வரலைன்னு சொல்லும். இது வந்திருக்கு. முடியாதுன்னு வந்திருக்கு."

"யாருகிட்டேர்ந்து?"

"போனைக் கையில வெச்சிருக்கறவங்ககிட்டேர்ந்து."

இன்ஸ்பெக்டர் சற்று யோசித்தார்.

"ஏதாவது மீனு..."

"மீனுக்கு விரல் ஏது சார்."

"இன்னொரு தடவை அனுப்புங்க."

அனுப்பினாள்.

இந்த முறை அவள் கையை எடுப்பதற்குள் வந்துவிட்டது.

'மறுக்கப்பட்டது.'



செர்வா திரையைப் பார்த்தாள். சுவரில் இருந்த டப்பாவைப் பார்த்தாள். இதைத் தொட வந்த கையை இந்த வேகத்தில் தட்டிவிடுகிற மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அந்த ஒருவர் பிணவறையில், எந்தத் துணி என்று தெரியாமல் படுத்திருக்கிறார்.

அல்லது படுத்திருக்கவில்லை...

"ஆவி," என்றாள் ஃபோஸ்டினா.

இருவரும் திரும்பினார்கள்.

"இன்னும் வழியனுப்பாத ஆவி. கோவமா இருக்கான். சாராயம் ஊத்திக் கேக்கணும்."

துக்கம் கேட்க வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன பச்சைப் பாட்டில் மேஜையில் இருந்தது. எடுத்துக்கொண்டாள். கைப்பையையும் எடுத்துக்கொண்டாள்.

"பின்பக்கம் போறேன். யாரும் வரக் கூடாது. குடும்பத்து ஆவி குடும்பத்துகிட்ட மட்டும்தான் பேசும்."

போய்விட்டாள்.

செர்வா நாற்காலியை இழுத்து இன்ஸ்பெக்டர் அருகே போட்டாள்.

"சார், அந்த உடம்பை நான் பாக்கவே இல்ல."

"ஏன்?"

"காட்டல. சொன்னேனே, உடம்பு குடும்பத்துது. பொண்டாட்டி வெளி ஆளு."

"அப்ப யார் பாத்தாங்க?"

"அண்ணி."

"வேற?"

"அண்ணி மட்டும்."

இன்ஸ்பெக்டர் இலைப் பொட்டலத்தை மடித்துக் கீழே வைத்தார். முட்டை அப்படியே இருந்தது.

"நான் வடக்கு மேடம். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லல."

"இப்ப அண்ணி திரும்பி வருவாங்க. ஆவி சம்மதிச்சுடுச்சும்பாங்க. அடுத்த தடவை சரின்னு வரும், பாருங்க."

"வந்தா ஆவி இருக்குன்னு அர்த்தமா?"

"அண்ணி போன்ல சார்ஜ் இருக்குன்னு அர்த்தம்."

இன்ஸ்பெக்டர் எழுந்துவிட்டார். "இப்பவே போய்ப் பிடிக்கறேன்."

"உக்காருங்க சார். இப்ப போனா கெல்வின்கிட்டப் பேசினேம்பாங்க." செர்வா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். "ரெண்டு தடவை மறுத்தாச்சு. இப்ப இதுக்கே சந்தேகம் வந்துடுச்சு. அடுத்த தடவை வெறும் ஆமா, இல்ல போதாதாம். இந்தத் திரையில ஒரு எண் காட்டும். அங்க போன்ல அதே எண்ணைத் தட்டணும்."

"அங்க இருக்கறவனுக்கு இங்க காட்டற எண் எப்படித் தெரியும்?"

"யாராவது சொல்லணும்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இன்ஸ்பெக்டர் குனிந்து ஷூவைக் கழற்றினார். சாக்ஸையும்.

ஃபோஸ்டினா வந்தாள். முகத்தில் அருள்.

"பேசிட்டேன். முதல்ல முரண்டு பண்ணான். கெல்வின் பேரைச் சொன்னதும் இளகிட்டான். அனுப்பு."

அனுப்பினாள்.

திரையில் பெரிதாக ஒரு எண் வந்தது.

63.

"என்னடி இது?"

"எண் அண்ணி. அவர் போன்ல அறுபத்து மூணு தட்டணுமாம். ஒரு நிமிஷம்தான் இருக்கும். அப்புறம் மாறிடும்."

ஃபோஸ்டினா திரையைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள்.

"ஒரு வாய் ஊத்த மறந்துட்டேன்."

"பாவம், ஊத்திட்டு வாங்க."

ஓடினாள். மாடிப்படி ஏற முடியாது என்று தேவாலயத்தில் தனி நாற்காலி வாங்கியவள்... ஓடினாள்!

வெறுங்காலோடு இன்ஸ்பெக்டர் பின்னால் போனார்.

கடைக்குப் பின்னால் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. அதன் மறைவில் ஃபோஸ்டினா. பாட்டில் அக்குளில். போன் காதில்.

"அறுபத்து மூணு... ஆறு, மூணு. தட்டு. என்னது யோசிக்கணுமா? டேய் கஞ்சப் பயலே, உன் மருமகனுக்குத்தானேடா கேக்கறேன். என் பண்ணையில படுத்துக்கிட்டு என் கோழியைத் தின்னுக்கிட்டு எனக்கே முடியாதுன்னு அமுக்கறியா? செத்தவன் செத்தவன் மாதிரி இரு. தட்டுடா."

அவள் தோளுக்கு மேலாக ஒரு விரல் வந்து ஸ்பீக்கரை அழுத்தியது.

தொட்டிக்கரையில் யாவ் அடுசெய்யின் குரல் தெளிவாகக் கேட்டது.

"தட்டிட்டேன்க்கா. ஆனா அவன் படிப்பு முடியற வரைக்கும்தான். அப்புறம் என் மிஷினுக்கே திரும்பி வந்துடணும். டப்பாவை யாரும் தொடக் கூடாது. அதை சுவத்துலேர்ந்து இறக்கவே கூடாது."

உள்ளே லேப்டாப் சின்னதாக மணி அடித்தது. லைசென்ஸ் மாறிவிட்டது.

ஃபோஸ்டினா குனிந்த தலையோடு மெல்லத் திரும்பினாள். முதலில் தெரிந்தது இரண்டு வெறுங்கால்கள். அதற்கு மேல் காக்கி. இல்லை, கருநீலம். பயத்தில் அவளுக்கு நிறமே பிடிபடவில்லை.

"ஆன்ட்டி," என்றார் இன்ஸ்பெக்டர். "உங்க ஆவி எந்த நெட்வொர்க்?"

பாட்டில் விழுந்தது. உடையவில்லை. மூடியே திறந்திருக்கவில்லை.

அதன் பிறகு அவள் எதையும் மறைக்கவில்லை. மறைக்கத் தெம்பில்லை. படகு கவிழ்ந்ததும் யாவ், பாலித்தீனில் சுற்றிய போனைப் பத்திரமாகப் பிடித்தபடி நீந்திக் கரையேறினார். நேராக அக்காவின் பண்ணைக்குப் போனார். செத்துவிடலாம் என்ற யோசனை இருவருக்கும் சாப்பிடும்போது வந்தது. அதற்கு ஒரு உடல் தேவைப்பட்டது. ஏரி ஒன்றைக் கொடுத்தது. இன்ஷூரன்ஸ் பணம் செர்வாவுக்குப் போய்விடாமல் இருக்க ஒரு கொலைகாரி தேவைப்பட்டாள். அதற்கு வெளியே தேட வேண்டியிருக்கவில்லை.

செர்வா வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

"மூணு வாரமா யாருக்கோ அழுதிருக்கேன் சார்."

"அது யாருன்னு தேடறோம் மேடம். அவருக்கும் ஒரு வீடு இருக்கும்."

"தேடுங்க. நான் அழுத அழுகை அந்த வீட்டுக்கே போகட்டும்."

போன் இன்னும் அணையவில்லை.

"அக்கா? யாரு அங்க?"

செர்வா வாங்கிக்கொண்டாள்.

"நான்தான்."

மறுமுனையில் ஒரு கோழி கத்தியது. 

"செர்வா... நல்லாருக்கியா?"

"நல்லாருக்கேன். நீங்க செத்துட்டீங்க."

"அது வந்து..."

"அங்கயே இருங்க. உங்களைக் கூட்டிட்டு வர ஜீப் வருது. பெட்ரோல் இப்பத்தான் போட்டாங்க."

வாசலில் ஹாரன் சத்தம். இன்ஸ்பெக்டர் சாக்ஸைத் தேடி எடுத்து மாட்டினார். ஃபோஸ்டினாவைப் பின் சீட்டில் ஏற்றினார். பண்ணைக்கு வழி கேட்டார். சொன்னாள். செர்வா பக்கம் திரும்பித் தொப்பியைச் சரி செய்தார்.

"நீங்க ஏற வேண்டாம் மேடம். போய் வேலையைப் பாருங்க."

"சார், ஒரே ஒரு விஷயம்."

"சொல்லுங்க."

"சனிக்கிழமைக்குப் பந்தல் சொல்லியாச்சு. பாட்டுக் குழு சொல்லியாச்சு. ஊரெல்லாம் கறுப்பும் சிவப்புமா துக்கத் துணி தைச்சு வெச்சிருக்காங்க. குழியும் வெட்டியாச்சு."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"பெருசா ஒண்ணுமில்ல. அவரைப் பிடிச்சதும் வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும் வீட்ல விட்டுட்டு... சனிக்கிழமை வந்து எடுத்துக்கறீங்களா?"