கொக்கி இறங்கவில்லை

‘டங்’ என்று மேஜை அதிர்ந்தது. தேநீர்க் கோப்பை கவிழ்ந்து கோப்புகள் நனைந்தன. விபத்து விசாரணை அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். அவர் எழுதிக்கொண்டிருந்த தாளின் மேல் ஒரு விமானியின் தலைக்கவசம் உட்கார்ந்திருந்தது. இடப்பக்கம் நெடுக விரிசல். அதை அங்கே போட்ட பெண் மூச்சிரைக்க நின்றாள்.

“இதைப் போட்டிருந்தவர் கொக்கியை இறக்க மறந்துட்டாராம். நீங்களும் அதைத்தான் எழுதப் போறீங்களா மேடம்?”

“இன்னும் எதையும் முடிவா எழுதலை. எழுதினதையும் நீங்க நனைச்சுட்டீங்க,” என்றார் அதிகாரி, கைக்குட்டையால் மேஜையைத் துடைத்தபடி. “உட்காருங்க.”

அவள் விமானியின் மனைவி. மூன்று நாளாகத் தூங்காத கண்கள்.

அந்த மூன்று நாளாக ஊடகங்களில் வேறு பேச்சு இல்லை. கப்பலில் இறங்கி ஏறக்கூடிய போர் விமானத்தை நாடு முதல் முறையாகச் சொந்தமாக உருவாக்கியிருந்தது. கப்பலுக்குக் கொண்டுபோகும் முன் தரையில் சோதித்தார்கள். கடலோர ஓடுபாதையில் கப்பல் தளத்தின் அளவுக்குக் கோடு போட்டு, குறுக்கே எஃகுக் கம்பி கட்டியிருந்தார்கள். விமானத்தின் வாலடியிலிருந்து ஒரு கொக்கி இறங்கி அந்தக் கம்பியைக் கவ்வ வேண்டும். கவ்வினால் விமானம் நிற்கும். அன்று கொக்கி இறங்கவில்லை. விமானம் கம்பியைத் தாண்டி ஓடி, பாதைக் கோடியில் இருந்த மணல் குழியில் மூக்கைப் புதைத்தது. விபத்துக்குப் பிறகு பார்த்தபோது, விமானி உட்காரும் காக்பிட்டில் கொக்கியை இறக்கும் லீவர் இறக்கப்படாமல் மேல்நோக்கி இருந்தது. விமானி இன்னும் கண் விழிக்கவில்லை. விமானத்தின் பதிவுப் பெட்டியைப் படித்துச் சொல்ல இரண்டு வாரம் ஆகும். மேலிடத்துக் குழு கூடுவதோ நாளைக்கு.

“மறதின்னு எழுதிட்டா விமானம் பிழைச்சுக்கும், திட்டம் பிழைச்சுக்கும். என் வீட்டுக்காரர் பேரு மட்டும் செத்துப்போகும்,” என்றாள் அவள்.

“விடும்மா. மாப்பிள்ளை கண்ணைத் திறந்தா போதும், பேரை அப்புறம் பார்த்துக்கலாம்,” என்றது வாசலிலிருந்து ஒரு குரல். அவளுடைய அண்ணன். அந்த விமானத்தின் தரைக்குழுத் தலைவரும் அவர்தான். கடலையே பார்க்காத உள்நாட்டு விமானத் தளங்களில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். தங்கை கணவரின் சிபாரிசில் சில மாதங்களுக்கு முன்புதான் இங்கே மாற்றலாகி வந்திருந்தார்.

“அப்புறம் என்னண்ணா அப்புறம்? தூக்கத்துலகூட அவரு கப்பல்ல இறங்கிட்டுதான் இருப்பாரு மேடம். இடது கையை விசுக்குன்னு முன்னாடி தள்ளுவாரு. ரெண்டு தடவை என் மூக்கு வீங்கியிருக்கு. இப்பவும் ஆஸ்பத்திரியில அந்தக் கை போர்வையைத் தள்ளிக்கிட்டே கிடக்கு. அவரா மறப்பாரு?”

ஜன்னலோரம் நின்றிருந்த உதவி அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமலாக மாற்றிக்கொண்டார். போலீஸிலிருந்து இங்கே வந்தவர். நாற்பத்தைந்து வயதிலும் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டுவார். முடிவுகளையும் அப்படியே தாண்டுவார். அலுவலகத்தில் அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர்.

“வாங்க எக்ஸ்பிரஸ், விமானத்தைப் பார்த்துட்டு வரலாம்,” என்றார் அதிகாரி.

*

ஹேங்கரின் நடுவே விமானம் மூக்கு நசுங்கிக் கிடந்தது. தீயணைப்பு நுரை காய்ந்து வெள்ளைப் பொருக்காகச் சக்கரங்களில் ஒட்டியிருந்தது. அதிகாரி ஏணியில் ஏறி காக்பிட்டை வெகுநேரம் பார்த்தார். கொக்கி லீவர் மேலே இருந்தது. எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில், இடப்பக்கம், பின்னால் முழுக்க இழுபட்டு அடங்கியிருந்தது.

முதலில் ஓடிவந்தவர் தீயணைப்பு வீரர். “எஞ்சின் காது கிழியக் கத்திக்கிட்டு இருந்துச்சுங்க. வெளியில இருக்கிற விசையால எண்ணெயை அடைச்சேன். கண்ணாடியை உடைச்சு சாரைத் தூக்கினேன். உள்ள வேற எதையும் தொடலை.”

“அதுக்கப்புறம் யார் காக்பிட்ல ஏறினது?”

“டிசைன் மேடம், சிக்னல் சார், தரைக்குழுத் தலைவர் மூணு பேரும் ஏறிப் பார்த்தாங்க. அப்புறம்தான் இங்க இழுத்துட்டு வந்து சீல் வெச்சாங்க.”

சிக்னல் அதிகாரி பழைய கப்பல் விமானி. இறங்கும் விமானத்துக்குப் பாதை ஓரம் நின்று ‘வா’ என்றோ ‘திரும்பிப் போ’ என்றோ சொல்வது அவர் வேலை. எரிச்சலில் இருந்தார்.

“சாயங்கால வெயில் கண்ணுல குத்துச்சு. கொக்கி தெரியலை, ஒத்துக்கறேன். ஆனா முன்சக்கரக் கால்ல பச்சை விளக்கு எரிஞ்சது. கொக்கி இறங்கினாதான் அது எரியும். அதைப் பார்த்துதான் வான்னேன். இப்ப நான் கதை விடறேன்னு சொல்றாங்க.”

அவர் போனதும் எக்ஸ்பிரஸ் அதிகாரியின் காதருகே குனிந்தார். “மேடம், கொக்கி இறங்காம விளக்கு எப்படி எரியும்? ஆள் பொய் சொல்றார். தன் தப்பை மறைக்கிறார்.”

“விளக்குக்கு ஒயர் எங்கிருந்து வருதுன்னு முதல்ல கேட்போம்.”

அதற்குப் பதில் சொன்னவர் விமானத்தை வடிவமைத்த பொறியாளர். பதினாறு வருடம் இந்த ஒரே விமானத்தோடு வாழ்ந்த பெண்மணி. நசுங்கிய மூக்கின் பக்கம் பார்க்காமலே பேசினார். “கொக்கியிலருந்து வரலை. லீவர்லருந்து வருது. சோதனைக்கான முதல் மாதிரி விமானம்தானே, அப்புறம் மாத்திக்கலாம்னு விட்டேன். விட்டிருக்கக் கூடாது.”

“எஞ்சின்?”

பொறியாளர் இப்போதுதான் அந்த மூக்கைத் திரும்பிப் பார்த்தார். “தெம்பு போதாது. இந்த எடையோட முழு வேகம் குடுத்தாலும் பாதை முடியறதுக்குள்ள மறுபடி எழும்பாது. அதையும் எழுதிக்குங்க. நாளைக்குக் குழு கேட்டா, திட்டத்துக்கு அதுதான் கடைசி நாள்.”

வெளியே வந்ததும் எக்ஸ்பிரஸ் துள்ளினார். “பிடிச்சாச்சு மேடம்! த்ராட்டிலைப் பின்னாடி இழுத்து வெச்சா, விமானி வேகமே குடுக்கலைன்னு ஆகும். எஞ்சினோட மானம் தப்பிச்சுது. இந்தம்மாதான்!”

“வண்டி ஸ்டேஷன்ல நிக்காமலே போகுதே,” என்றார் அதிகாரி. “அங்க பாருங்க.”

சுவரில் ஒரு பலகை. அதில் ஆறு எஃகுப் பின்கள் தொங்கின. விமானம் தரையில் நிற்கும்போது கொக்கி, சக்கரம் முதலியவை தானாக அசைந்துவிடாமல் பூட்டிவைக்கும் பின்கள் அவை. மறந்துவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொன்றிலும் ஒரு முழ நீளச் சிவப்பு ரிப்பன். உப்புக் காற்றும் வெயிலும் பட்டு ஐந்து ரிப்பன்கள் வெளிறிப்போயிருந்தன. ஆறாவது மட்டும் இன்று கடையில் வாங்கியதுபோலப் பளிச்சென்றிருந்தது.

“கிழிஞ்சிருக்கும், மாத்தியிருப்பாங்க. இங்க யார் வேணும்னாலும் எடுக்கலாமே,” என்றார் எக்ஸ்பிரஸ்.

“இருக்கலாம். ஒரு நாற்காலி கொண்டாங்க. எல்லாரையும் கூப்பிடுங்க. விமானியோட மனைவியையும்.”

*

விமானத்தின் இறக்கைக்குக் கீழே நாற்காலி போடப்பட்டது. சுற்றிலும் ஐந்தாறு பேர். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

“பச்சை விளக்கு எரிஞ்சது,” என்று ஆரம்பித்தார் அதிகாரி. “சிக்னல் சார் பொய் சொல்லலை. அதோட ஒயர் லீவர்ல இருக்கு. அப்படின்னா விமானி லீவரை இறக்கியிருக்கார். இறக்கின லீவர், விபத்துக்கு அப்புறம் மேல ஏறியிருக்கு. தானா ஏறாது.”

விமானியின் மனைவி முகத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். “சொன்னேன்ல? அவரு மறக்கலை. சொன்னேன்ல அண்ணா?”

அண்ணன் தலையசைத்தார். அவருக்கு வியர்த்திருந்தது.

“அப்ப கொக்கி ஏன் இறங்கலை? பூட்டின பின்னைக் கழட்டலை. விபத்துக்கு அப்புறம் யாரோ நுரைக்குள்ள கையை விட்டுக் கழட்டியிருக்காங்க. எஞ்சின் புகையில கருகின ரிப்பனை மாத்திட்டு, பின்னைப் பலகையில மாட்டியிருக்காங்க.” அதிகாரி நாற்காலியைத் தொட்டார். “சிக்னல் சார், கொஞ்சம் உட்காருங்க. நீங்க விமானத்துல இருக்கீங்க. சக்கரம் தளத்தைத் தொட்டுடுச்சு. யோசிக்காம செய்யுங்க. இடது கை என்ன பண்ணும்?”

அவர் கை பட்டென்று முன்னால் போனது.

அடுத்து பொறியாளர். அவர் கையும் முன்னால் போனது. “முழு வேகம். கொக்கி கம்பியைத் தவற விட்டா, கப்பல் முடியறதுக்குள்ள மறுபடி பறக்கணும் இல்லையா? குறைச்சா நேரா கடல்தான். இங்க எல்லாருக்கும் தெரியும்.”

“அதனாலதான் நீங்க இல்லை,” என்றார் அதிகாரி. “எஞ்சின் மானத்தைக் காப்பாத்தத் த்ராட்டிலை இழுத்து வெச்சீங்கன்னு எக்ஸ்பிரஸ் நினைச்சார். ஆனா இழுத்து வெச்ச த்ராட்டிலைப் பார்த்ததும் எந்தக் கப்பல் விமானியும் சிரிப்பான்னு உங்களுக்குத் தெரியும். அந்தத் தப்பை நீங்க பண்ண மாட்டீங்க.”

எக்ஸ்பிரஸ் தன் காலணியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த விமானி தூக்கத்துலகூடக் கையை முன்னாடிதான் தள்ளுவார். மூக்கு வீங்கினவங்களே சாட்சி. எஞ்சின் காது கிழியக் கத்தினதுக்கும் அதுதான் காரணம். அடங்கின த்ராட்டிலை வெச்சுக்கிட்டு எஞ்சின் கத்தாது.” அவர் குரலை உயர்த்தவேயில்லை. “நீங்க உட்காருங்க.”

தரைக்குழுத் தலைவர் வந்து உட்கார்ந்தார். கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

“சக்கரம் தொட்டுடுச்சு.”

அவர் கை அசையவில்லை. பிறகு மெல்ல, அவருக்கே தெரியாததுபோல, பின்னால் இழுபட்டது. பாதியில் நின்றது. அந்தக் கையையே அவர் வெறித்துப் பார்த்தார்.

“உள்நாட்டுத் தளத்துல பாதை நீளம். தொட்டதும் வேகத்தைக் குறைக்கணும். காலமெல்லாம் இறங்கின விமானத்துல அப்படித்தான் பார்த்தீங்க,” என்றார் அதிகாரி. “லீவரை மட்டும் ஏத்தியிருந்தா, யார் ஏத்தினதுன்னு சொல்ல வழியே இல்லை. த்ராட்டில் முன்னாடி தள்ளியிருந்தது உங்க கண்ணுக்கு உறுத்திச்சு. ஒழுங்கா இறங்கின விமானம் மாதிரி இருக்கட்டும்னு இழுத்து வெச்சீங்க.”

 ஹேங்கரின் தகரக் கூரையில் காற்று உராய்ந்தது.

“அண்ணா,” என்றாள் தங்கை.  “மூணு நாளா என்கூட ஆஸ்பத்திரியில உட்கார்ந்திருந்தியே. அவரோட கையைப் பிடிச்சுக்கிட்டுதானே உட்கார்ந்திருந்தே?”

அண்ணன் தன் இடது கையை மடியில் மறைத்துக்கொண்டார்.

“நாளைக்குக் குழுகிட்ட விளக்கு ஒயரையும் எஞ்சினையும் நான் சொல்லிடறேன்,” என்றார் பொறியாளர் மெதுவாக. “திட்டம் இருக்கோ இல்லையோ, அந்தப் பழி விமானி தலையில வேண்டாம்.”

அதிகாரி தலையசைத்தார். பிறகு நாற்காலிக்கு எதிரே குனிந்து உட்கார்ந்தார். “ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலை. கிளம்பறதுக்கு முன்னாடி ஆறு பின்னையும் தூக்கி, விமானிகிட்ட எண்ணிக் காட்டிட்டுதானே அனுப்பணும்? எண்ணியிருந்தா ஒண்ணு குறையறது தெரிஞ்சிருக்குமே?”

தரைக்குழுத் தலைவர் தங்கையைத்தான் பார்த்தார், பேசியதும் அவளிடம்தான்.

“எண்ணிக் காட்டத்தான்மா கையைத் தூக்கினேன். ‘உங்க வேலையையும் நான் எண்ணிப் பார்க்கணுமா மச்சான்?’னு சிரிச்சுக்கிட்டே மாப்பிள்ளை கண்ணாடியை மூடிட்டாரு.”